கோப்பின் அளவு குறையலாம். ஆவணத்தின் புள்ளி தொலையலாகாது

காகிதம் ஒன்றின் பெறுமதியை அது கைவிட்டுப் போன பின்னரே முழுமையாக உணர்ந்த சமூகங்களின் வரிசையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தமிழரும் முஸ்லிம்களும் முன்னிற்கின்றனர். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ். பொது நூலகத்துக்கு மூட்டப்பட்ட தீயில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராகின. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, பல தலைமுறைகளின் காணி உறுதிகளும் நிக்காஹ் பதிவுகளும் பள்ளிவாசல் ஏடுகளும் சோனகதெரு வீடுகளிலேயே விடப்பட்டன. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995ஆம் ஆண்டு அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவர்களது வீட்டுப் பெட்டகங்களிலும் அவ்வாறே ஆவணங்கள் கைவிடப்பட்டன.

இந்த அனுபவங்களின் பின்னர் எமது மக்கள் ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கத் தலைப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய கடிதம், பாட்டனார் காலத்துச் சஞ்சிகை என எதுவாயினும் இன்று கைத்தொலைபேசியில் ஒரு படமாகி விடுகின்றது. ஆனால் படமெடுத்த மறுகணமே ஒரு சிக்கல் எழுகின்றது. கோப்பு மிகப் பெரிதாக இருக்கின்றது. இணையவழி விண்ணப்பம் ஒரு மெகாபைற்றுக்கு மேற்பட்டதை ஏற்க மறுக்கின்றது. மின்னஞ்சல் திரும்பி வருகின்றது. தொலைபேசியின் நினைவகம் நிரம்பி விடுகின்றது. உடனே எவரேனும் ஓர் இளைஞரிடம் கொடுத்து ‘சின்னதாக்கித் தா’ என்கிறோம். அவரும் சின்னதாக்கித் தருகின்றார். எப்படிச் சின்னதாக்கினார், அதில் எது போயிற்று என்று நாம் கேட்பதில்லை. நெருப்பிலும் இடப்பெயர்விலும் தப்பிய ஆவணம், இந்தச் சின்னதாக்கலில் சத்தமின்றி அழிந்து போகக்கூடும் என்பதையே இங்கு விளக்க விரும்புகின்றோம்.

முதலில், ஒரு கோப்பு ஏன் பெரிதாகின்றது என்பதைப் பார்ப்போம். கணினியில் படம் என்பது ‘பிக்சல்’ எனப்படும் மிகச் சிறிய நிறச் சதுரங்களின் அடுக்கு. ஏ-4 தாளொன்றை ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற செறிவில் வருடினால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 என்று மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல்கள் கிடைக்கின்றன. வர்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைற்றுகள் தேவை. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 26 மெகாபைற். அதே பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 8.7 மெகாபைற், வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 1.1 மெகாபைற் அளவில் முடிந்து விடும். செறிவை 300இலிருந்து 150 ஆகப் பாதியாக்கினால் பிக்சல்களின் தொகை பாதியாவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் பாதியாவதால் காற்பங்காகி விடுகின்றது. இந்தச் சிறு கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவர், தம்மிடம் தரப்படும் கோப்பு எவ்வளவு மெலிந்திருக்கின்றது என்பதைத் தாமே மதிப்பிட்டுக் கொள்ளலாம்.

கோப்புகளின் அளவை மாற்றுவதற்குப் பொத்தான்களை அழுத்தும் மென்பொருள்கள் பல உண்டு. எனினும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பெரிதும் நாடுவது கட்டளை வரிக் கருவிகளையே. கட்டளை வரி என்பது, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டச்சுச் செய்து கணினிக்கு நேரடியாக உத்தரவிடும் முறை. பார்வைக்கு மிரட்சியூட்டினாலும் இதன் அனுகூலம் பெரிது. ஒரு பக்கத்துக்கு எழுதிய அதே வரி, பத்தாயிரம் பக்கங்களுக்கும் பிசகாமல் செயற்படும். என்ன செய்தோம் என்பது எழுத்திலேயே பதிவாகியிருக்கும். நாளை வேறொருவர் அதனை வாசித்துச் சரிபார்க்கலாம். இக்கருவிகளுள் பெரும்பாலானவை இலவசமானவை. லினக்ஸ் இயங்குதளத்தில் மட்டுமன்றி விண்டோஸிலும் இயங்கக் கூடியவை. பணவசதி குறைந்த ஒரு கிராமத்துச் சனசமூக நிலையமோ பள்ளிவாசல் நூலகமோ பழைய கணினி ஒன்றைக் கொண்டே இவ்வேலையைச் செய்யலாம்.

ஆனால் ‘அளவைக் குறைத்தல்’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடும் செயல், உண்மையில் நான்கு வெவ்வேறு செயல்களாகும். வெட்டுதல், பொதிதல், மெலிவித்தல், பிரித்தல் என்று இவற்றை அழைக்கலாம். இந்நான்கின் வேறுபாட்டை அறியாமையே இழப்புகளின் முதற்காரணம் என்பது எமது கருத்து.

வெட்டுதலுக்கெனவே ‘ட்ரங்கேட்’ என்றொரு கட்டளை உண்டு. க்னூ கருவித் தொகுதியில் 2008ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இது, இன்று லினக்ஸ் கணினிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கின்றது. ஒரு கோப்பின் பெயரையும் வேண்டிய அளவையும் கொடுத்தால், அக்கோப்பைச் சரியாக அந்த அளவுக்குக் கொண்டு வந்து விடும். பத்து மெகாபைற் கோப்புக்கு ஒரு மெகாபைற் என்று உத்தரவிட்டால் முதல் ஒரு மெகாபைற் மிஞ்சும். மீதி ஒன்பதும் போய்விடும். பூச்சியம் என்று கொடுத்தால் கோப்பின் பெயர் மட்டுமே எஞ்சும். ‘செய்யலாமா?’ என்ற கேள்வியும் இல்லை. ‘பழையபடி ஆக்கு’ என்ற மீட்சியும் இல்லை. பலசரக்குக் கடைக்காரர் மூட்டையைத் தராசில் ஏற்றி நிறை கூடியதும் மேலே உள்ளதை வாரிக் கொட்டுவது போன்ற செயல் இது. கொட்டப்பட்டது அரிசியா முத்தா என்று அக்கருவி பார்ப்பதில்லை.

இக்கட்டளை பயனற்றது என்பதல்ல. வழங்கிக் கணினிகளில் நாளாந்தம் பெருகும் குறிப்பேட்டுக் கோப்புகளைக் காலிசெய்யவும் பரிசோதனைக்கென வெற்றுக் கோப்புகளை ஆக்கவும் அது பெரிதும் உதவுகின்றது. ஆவணங்களுக்கு அது உகந்ததல்ல. படக் கோப்பொன்றை இவ்வாறு வெட்டினால் பக்கத்தின் மேற்பகுதி மட்டும் தெரிந்து, கீழ்ப்பகுதி சாம்பல் பட்டையாகி விடும். பி.டி.எவ். கோப்பிலோ, எந்தப் பக்கம் எங்கே இருக்கின்றது என்பதைக் கூறும் அட்டவணை வழமையாகக் கோப்பின் இறுதியிலேயே இருக்கின்றது. வால் அறுந்தால் கோப்பு திறக்க மறுப்பதற்கு இதுவே காரணம். பதிவிறக்கம் இடைநடுவில் நின்றாலும், பிரதியாகி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினாலும் நேர்வது இதே வெட்டுதல்தான். மின்தடைக்கும் மெதுவான இணைய இணைப்புக்கும் பழகிய எமக்கு இது புதிதல்ல.

அதேவேளை, இக்கட்டளை கோப்பைப் பெரிதாக்கவும் வல்லது. ஒரு மெகாபைற் கோப்புக்குப் பத்து மெகாபைற் என்று உத்தரவிட்டால், குறைந்த ஒன்பது மெகாபைற்றும் வெறும் பூச்சியங்களால் நிரப்பப்படும். பல கோப்பு முறைமைகளில் அந்தப் பூச்சியங்கள் வன்தட்டில் இடம் பிடிப்பதுகூட இல்லை; பட்டியலில் மட்டும் பத்து என்று காட்டும். இதில் நமக்கொரு பாடம் உண்டு. கோப்பின் அளவு பெரிதாக இருப்பதாலேயே உள்ளடக்கம் முழுமையாக இருக்கின்றது என்று நம்பி விடக் கூடாது. பானையின் பருமன் சோற்றின் அளவைச் சொல்வதில்லை.

இரண்டாவது செயல் பொதிதல். 1992ஆம் ஆண்டு வெளியான ‘ஜிசிப்’ போன்ற கருவிகள், கோப்புக்குள் திரும்பத் திரும்ப வருபவற்றைக் கண்டறிந்து, அவற்றைக் குறுங்குறிகளால் பதிலீடு செய்கின்றன. அவிழ்க்கும்போது ஒரு பைற்கூடப் பிசகாமல் மூலம் மீண்டு வருகின்றது. பாய்க்குள் துணிகளை இறுக்கிச் சுருட்டுவதற்கும் துணியைக் கத்தரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. தட்டச்சுச் செய்யப்பட்ட தமிழ் எழுத்துக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஒருங்குறியின் யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்கின்றது. ‘கி’ என்ற ஓரெழுத்து ‘க’வும் விசிறியும் சேர்ந்ததாதலால் ஆறு பைற்றுகள். அந்த மூன்று பைற்றுகளில் முதலாவது எப்போதும் மாறாதது. இரண்டாவதும் ஒருசில பெறுமானங்களுக்குள்ளேயே அடங்கி விடுகின்றது. ஆதலால் நீண்ட தமிழ்ப் பிரதியொன்று பொதிதலின் பின் காற்பங்குக்கும் குறைவாகச் சுருங்கி விடுவது வழமை. ஆனால் தொலைபேசி எடுத்த ஜேபெக் படங்கள் ஏற்கெனவே ஒருவிதத்தில் சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் ஜிசிப்பில் பொதிந்தால் அளவில் மாற்றம் ஏதும் தெரியாது.

மூன்றாவது செயலான மெலிவித்தலே மிகவும் பரவலானதும், கவனம் வேண்டியதுமாகும். 1990ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ‘இமேஜ்மேஜிக்’ என்ற கருவியும், 1988இல் தோன்றிய ‘கோஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்ற கருவியும் இத்துறையில் பெயர் பெற்றவை. இமேஜ்மேஜிக்கிடம் ‘இப்படம் இருநூறு கிலோபைற்றுக்கு மேற்படாமல் இருக்கட்டும்’ என்று ஒரே வரியில் உத்தரவிடலாம். அது படத்தின் தரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்து, அந்த வரம்புக்குள் அடங்கும் நிலையில் நிறுத்தும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் பி.டி.எவ். கோப்புகளுக்கு ஆயத்தமான அளவுத் திட்டங்களைக் கொண்டுள்ளது. ‘திரை’ என்ற திட்டம் படங்களை அங்குலத்துக்கு 72 பிக்சலாகக் குறைக்கின்றது. ‘மின்னூல்’ என்ற திட்டம் 150 ஆக்குகின்றது. ‘அச்சுப்பொறி’ என்ற திட்டம் 300இல் வைக்கின்றது. கோப்பை மிகச் சிறிதாக்கும் அவசரத்தில் பலரும் தேர்ந்தெடுப்பது முதலாவது திட்டத்தையே.

அதனால் நேர்வது என்ன? வழமையான அச்செழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளியை 0.4 மில்லிமீற்றர் விட்டமுடையதாகக் கொள்வோம். 300 செறிவில் அப்புள்ளி ஏறத்தாழ ஐந்து பிக்சல் அகலம் பெறுகின்றது. கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். 72 செறிவில் அது ஒரேயொரு பிக்சல். தாளின் அழுக்குக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. இதன்மேல் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் நுண்ணிய மாற்றங்களைக் கைவிடுகின்றது. மலையும் கடலும் முகமும் உள்ள நிழற்படத்தில் இந்த இழப்பைக் கண் பொருட்படுத்துவதில்லை. எழுத்திலோ நுண்ணிய மாற்றந்தான் பொருளே. ‘பட்டம்’ என்பதற்கும் ‘படடம’ என்பதற்கும் இடையில் நிற்பவை இரண்டே புள்ளிகள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மங்கிப் போனால் ‘செர’ என்றும் ‘சேர’ என்றும் எவ்வாறு பிரித்தறிவது? பழைய உறுதிகளில் பரப்பும் குழியும் தமிழ் இலக்கங்களில் குறிக்கப்பட்டிருப்பின் நிலைமை இன்னும் சிக்கலானது. அவ்விலக்கங்களுள் ஒன்று ‘க’வையும், இரண்டு ‘உ’வையும், ஏழு ‘எ’யையும் ஒத்திருப்பவை.

புள்ளியின் இழப்பு தமிழ் உலகுக்குப் புதிதல்ல. ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதியோர் புள்ளியிடாது விட்டனர். குறில் எகர ஒகரங்களையும் நெடிலையும் வேறுபடுத்தாதும் எழுதினர். அதன் விளைவை அனுபவித்தவர்கள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம்பிள்ளை போன்றோர், ஒரு சொல்லைத் தீர்மானிக்கப் பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஓலையின் குறைபாட்டால் அன்று புள்ளி போயிற்று. தாளில் தெளிவாக இருக்கும் புள்ளியை இன்று நாமே கட்டளையிட்டு அழிப்பது எவ்வகையில் நியாயம்?

அரபுத்தமிழுக்கு இவ்விடயம் மேலும் பொருந்தும். அரபு நெடுங்கணக்கில் ‘பா’, ‘தா’, ‘ஸா’ ஆகிய மூன்றுக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளியிருந்தால் ‘பா’, மேலே இரண்டிருந்தால் ‘தா’, மூன்றிருந்தால் ‘ஸா’. தமிழோசைகளை எழுதுவதற்கென அரபுத்தமிழில் மேலும் புள்ளிகள் சேர்க்கப்பட்டன. ஆகவே இலங்கை முஸ்லிம்களின் பழைய அரபுத்தமிழ் நூலொன்றின் புள்ளிகள் கரைந்தால், எஞ்சுவது வாசிக்க முடியாத வளைகோடுகளே. உலமாக்களின் குடும்பங்களில் பேணப்படும் கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுக்க முன்வருவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் அவசியம். தமிழும் அரபும் வெவ்வேறு எழுத்துக் குடும்பங்களாயினும், இரண்டும் புள்ளியில் உயிர் வைத்திருப்பவை.

எழுத்து மங்குவதை விடவும் ஆபத்தான ஒன்றும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜேர்மனியைச் சேர்ந்த கணினியியலாளர் டேவிட் கிறீசெல், செரொக்ஸ் நிறுவனத்தின் சில வருடு இயந்திரங்கள் ஆவணங்களில் உள்ள இலக்கங்களை மாற்றி விடுவதை வெளிப்படுத்தினார். கட்டட வரைபடம் ஒன்றில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என்று இருந்தது. வருடி எடுத்த பிரதியில் மூன்றும் 14.13 என்று அச்சாகியிருந்தது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக ‘ஜேபிக்-2’ என்ற முறை, ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி அதனையே எல்லா இடத்திலும் ஒட்டியமையே இதற்குக் காரணம். மங்கிய எழுத்தைக் கண்டால் நாம் ஐயுறுவோம். தெளிவாகத் தெரியும் தவறான இலக்கத்தை எவரும் ஐயுறுவதில்லை. அந்நிறுவனம் பின்னர் திருத்தமொன்றை வெளியிட்டது. ஆயினும் காணியின் எல்லையும் பரப்பும் இலக்கங்களிலேயே தங்கியிருக்கும் எமது சூழலில், இச்சம்பவம் மறக்கப்படலாகாது.

மூலப்படம் கையிலிருந்தால் மெலிவித்த பிரதி எத்தனையும் செய்து கொள்ளலாம். மூலத்தின் மேலேயே மெலிவித்தால் திரும்ப வழியில்லை. இமேஜ்மேஜிக்கில் ‘கன்வேர்ட்’ என்ற கட்டளை புதிய கோப்பொன்றை எழுதுகின்றது. ‘மொக்ரிஃபை’ என்ற கட்டளையோ வேறிடம் குறிப்பிடப்படாவிடின் மூலத்தின் மீதே எழுதி விடுகின்றது. பெயரில் சிறு வேறுபாடு. விளைவில் பெரும் வேறுபாடு. ஓர் அடைவு முழுவதுக்கும் இக்கட்டளையைக் கொடுத்து விட்டால், பல மாத உழைப்பு சில நிமிடங்களில் மெலிந்து போகும். இதனோடு மற்றொன்றையும் கூற வேண்டும். வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பப்படுபவை வழியிலேயே மெலிவிக்கப்படுகின்றன. அதனையே ‘ஆவணம்’ என்ற தெரிவின் வழியாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். மரண அறிவித்தல்களுக்காகப் பல கைகள் மாறி எமது பணிமனைக்கு வந்து சேரும் படங்களில் முகம் கரைந்திருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நான்காவது செயல் பிரித்தல். பெரிய கோப்பை அனுப்ப முடியவில்லை என்பதற்காக அதனை மெலிவிக்க வேண்டியதில்லை. ‘ஸ்பிளிட்’ என்ற கட்டளை அதனைக் குறித்த அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துத் தரும். மறுமுனையில் உள்ளவர் ‘கட்’ என்ற கட்டளையால் வரிசை மாறாமல் ஒட்டிக் கொள்ளலாம். ஒட்டிய கோப்பு மூலத்துக்கு நிகரானதா என்பதை அறியவும் வழியுண்டு. ‘ஷா-256’ என்ற கணிப்பு, எந்தக் கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைத் தருகின்றது. கோப்பில் ஒரு பைற் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறி விடும். அனுப்பியவரிடம் உள்ள கைரேகையும் பெற்றவரிடம் உள்ளதும் ஒத்திருந்தால் கோப்பு முழுமையானது. யாழ்ப்பாணத்தில் வருடி, ரொறன்ரோவிலோ புத்தளத்திலோ சேமிக்க விரும்புவோருக்கு இது இன்றியமையாதது.

இவ்விடத்தில் எமது மண்ணின் முன்னுதாரணத்தைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கு.கல்யாணசுந்தரத்தை முதன்மையாகக் கொண்டு ஆரம்பமான மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே இணையத்தில் ஏற்றியது. எழுத்து வடிவம் மிகச் சிறியது. இரண்டாயிரத்து ஐந்நூறு குறியீடுகள் கொண்ட பக்கம் எட்டுக் கிலோபைற்றுக்கும் குறைவு. அதே பக்கத்தின் வர்ண மூலப்படம் அதைப் போல் மூவாயிரம் மடங்கு. 2005இல் ஈழத்துத் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகமோ, ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆகியவற்றைப் பக்கப் படங்களாகவே பேணி வருகின்றது. தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இந்நாட்டின் தமிழ் எழுத்துகள் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. அத்தளத்தில் பதிவிறக்க இணைப்புக்கு அருகே கோப்பு எத்தனை மெகாபைற் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். வாசகரின் இணைப்பையும் செலவையும் கருத்திற் கொண்ட அந்தச் சிறு குறிப்பு, அளவு என்பது எமது சூழலில் எத்துணை நடைமுறைப் பிரச்சினை என்பதை உணர்த்துகின்றது.

பக்கப் படம் ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இன்றி, யாழ்ப்பாணத்து நாளேடுகள் கோடிட்ட பயிற்சிக் கொப்பித் தாளிலும் அச்சாகின. அந்தத் தாளே ஒரு வரலாற்றுச் சாட்சி. தட்டச்சில் அதன் செய்தி மிஞ்சும். தாளின் சாட்சி மிஞ்சாது. அவ்வாறான பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மெலிவித்தால் கொப்பிக் கோடும் மங்கிய மையும் ஒன்றோடொன்று கலந்து வாசிக்கவும் இயலாமற் போகும். 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1882இல் எம்.சி.சித்திலெப்பை தொடங்கிய முஸ்லிம் நேசன் முதலான ஏடுகளின் எஞ்சிய பிரதிகளுக்கும் இந்தக் கவனம் உரியது.

சட்டத்தின் பக்கமும் நோக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பு வழங்கியபோதிலும், அசையா ஆதனங்களின் விற்பனையும் இறுதி விருப்பாவணங்களும் அதன் எல்லைக்குப் புறம்பானவை. எனவே உறுதியின் படம் உறுதியாகி விடாது. ஆனால் மூல உறுதி தொலைந்தவருக்கு, அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவை தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறும் வழி இலகுவாகின்றது. அந்த நான்கு விபரங்களும் தெளிவாக வாசிக்கக் கூடிய படம் பொன்னுக்கு நிகர். அவை மங்கிய படம் வெறும் ஞாபகச் சின்னம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம், வடக்கில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோருமாறு வர்த்தமானி அறிவித்தல் வெளியானபோது இடம்பெயர்ந்தோரும் புலம்பெயர்ந்தோரும் அடைந்த பதற்றத்தை நாம் மறந்து விடவில்லை. கடும் எதிர்ப்பின் பின்னர் அந்த அறிவித்தல் கைவிடப்பட்டது. ஆனால் ஆவணத்தைக் காட்டு என்ற கேள்வி எந்நேரமும், குறுகிய அவகாசத்துடன் எழலாம் என்பதை அது உணர்த்திச் சென்றது.

மூலங்களை மெலிவிக்காமல் வைப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்விக்கும் விடை கூறுவோம். எரிந்த 97,000 நூல்களையும், ஒரு கணக்குக்காக, தலா 200 பக்கமுடையவை என்று கொள்வோம். மொத்தம் 194 இலட்சம் பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு 26 மெகாபைற் வீதம், எவ்விதச் சுருக்கமும் இன்றிச் சேமித்தாலும் ஏறத்தாழ 500 ரெராபைற் போதும். இன்று விற்பனையாகும் 20 ரெராபைற் வன்தட்டுகள் இருபத்தைந்து. பொது நூலகம் முழுவதும், புள்ளி ஒன்றுகூடக் குறையாமல், ஒரு சிறிய அலுமாரியில் அடங்கி விடும். அவ்வாறான மூன்று அலுமாரிகளை மூன்று ஊர்களில் வைத்திருந்தால் எந்த நெருப்பாலும் அவற்றை ஒருங்கே அழிக்க இயலாது. குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வேற்றூரில் என்று காப்பகத் துறையினர் வலியுறுத்தும் விதி, எமது வரலாற்றுக்கென்றே எழுதப்பட்டது போன்று தோன்றுகின்றது.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். ஆவணத்தை முதலில் 300 செறிவுக்குக் குறையாமல் வர்ணத்தில் எடுங்கள். அந்த மூலத்தை எவரும் தொடாத இடத்தில், கைரேகையுடன் பேணுங்கள். விண்ணப்பத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் வேண்டிய சிறு பிரதியைத் தனியே ஆக்குங்கள். ஆக்கிய பின்னர் ஒரு பக்கத்தையேனும் பெருப்பித்து, மெய்யெழுத்தின் புள்ளியும் இலக்கங்களும் முத்திரையும் தெரிகின்றனவா என்று மூலத்தோடு ஒப்புநோக்குங்கள். பாடசாலைகளின் தகவல் தொழினுட்ப ஆசிரியர்கள் இந்நான்கு செயல்களையும் மாணவர்களுக்கு ஒரு பிற்பகலில் கற்பித்து விடலாம். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் சனசமூக நிலையங்களும் அம்மாணவர்களைக் கொண்டே தத்தம் பதிவேடுகளைப் படமாக்கலாம். கோப்பைச் சிறிதாக்கித் தரும் தொடர்பாடல் நிலையத்தார், மூலத்தையும் வாடிக்கையாளரின் பென்டிரைவில் சேர்த்துக் கொடுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஒக்ரோபர் 30ஆம் திகதி எமது இரு சமூகங்களுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் வெறுங்கையுடன் நடந்த நாள். அன்று எடுத்துச் செல்ல முடியாது போனவற்றை, இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு கருவியில் எடுத்துச் செல்ல முடியும். எவர் பறித்தாலும் பிறிதோர் ஊரில் அதன் நகல் இருக்கும். இத்தகைய வாய்ப்பு எமது முன்னோருக்குக் கிட்டவில்லை. கிட்டிய எமக்கு, ஒரு வரிக் கட்டளையின் அவசரத்தில் அதனைப் பாழாக்கும் உரிமை இல்லை.